யூதர்கள் தங்களுக்குள் எப்படி வாதாடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸா போர் தொடங்கியதிலிருந்து, ஊரிலிருந்து பேசுகிறவர்களும் இங்கே உடன் வேலை செய்கிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "யூதர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?" நியூஜெர்சியில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஜெப ஆலயம் இருக்கிறது. வியாழக்கிழமை மாலைகளில் அங்கே பழைய யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் வாசிப்பு நடக்கும். யூதரல்லாத எனக்கும் அதில் இடம் தந்தார்கள். ஐந்தாறு வருடமாகப் போய்வருகிறேன். அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். அவர்கள் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள், எந்த முறையில் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் நிறையத் தெரியவரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

யூதர்கள் எல்லோரும் அரசியலில் ஒரே பக்கம்தானே?

இல்லை. உலகம் முழுவதும் சேர்த்தாலே யூதர்கள் ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல்தான் வருவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டே நாடுகளில், இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும், வாழ்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமுமே ஒன்றுபோல் யோசிப்பதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயும் பிளவு உண்டு. பியூ ஆய்வு மையம் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், அமெரிக்க யூதர்களில் 71% பேர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தவர்கள். ஆனால் பழைமை வழுவாத ஆர்த்தடாக்ஸ் யூதர்களை மட்டும் தனியாக எடுத்தால் 75% பேர் குடியரசுக் கட்சிப் பக்கம். ஒரே தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, படிக்கிறவர்கள், ஒரே நாளில் நோன்பு இருக்கிறவர்கள்தான் இரண்டு தரப்பும்.

ஆர்த்தடாக்ஸ், ரிஃபார்ம் என்கிறார்களே, இவை என்ன?

சுருக்கமாகச் சொன்னால், மதச் சட்டம் இன்று ஒருவரை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதில் வந்த பிரிவுகள். ஆர்த்தடாக்ஸ் பிரிவினருக்கு அது முழுமையாகக் கட்டுப்படுத்தும். ரிஃபார்ம் பிரிவினர் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தொடங்கி, காலத்துக்கேற்ற மாற்றத்தை ஏற்றவர்கள். கன்சர்வேட்டிவ் என்பது நடுவில் நிற்கும் பிரிவு. பெயரைப் பார்த்து அரசியல் வலதுசாரி என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2020 கணக்கெடுப்பில், வயது வந்த அமெரிக்க யூதர்களில் ரிஃபார்ம் 37%, கன்சர்வேட்டிவ் 17%, ஆர்த்தடாக்ஸ் 9%. எந்தப் பிரிவிலும் சேராதவர்கள் 32%.

ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்குப் பெண் ரபிகளின், அதாவது பெண் மதகுருக்களின், கதையைச் சொல்லலாம். பெர்லினைச் சேர்ந்த ரெகினா யோனாஸ் 1935-இலேயே ரபி ஆனார். 1944-இல் அவரை ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கொன்றார்கள். அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவு 1972-இல் சாலி பிரீசாண்டுக்கு ரபி பட்டம் கொடுத்தது. கன்சர்வேட்டிவ் பிரிவு பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 1985-இல் ஏமி ஐல்பெர்குக்குக் கொடுத்தது. ஆர்த்தடாக்ஸ் உலகில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

இப்படி வாதாடும் பழக்கம் எங்கிருந்து வந்தது?

தல்மூதின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாலே போதும், பாதி புரிந்துவிடும். பக்கத்தின் நடுவில் மூலம். புத்தகத்தின் மடிப்பு ஓரமாக ராஷியின் உரை. அவர் 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்தவர். வெளி ஓரமாக 'தொசாஃபோத்' என்ற இன்னோர் உரை. அதை எழுதியவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்கள் உண்டு. பல இடங்களில் அவர்கள் "எங்கள் தாத்தா சொன்னது பொருந்தவில்லை" என்ற பொருளில்தான் ஆரம்பிக்கிறார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பக்கத்தில், இரண்டு ஓரத்தில் நின்று, நூற்றாண்டுகளாக மறுத்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அச்சடித்தவர்கள் யாரையும் நீக்கவில்லை. நம்மிடம் ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்ல, மணக்குடவர் வேறொன்று சொல்வதைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பக்கம் அந்நியமாகத் தெரியாது.

அந்தப் பக்கங்களில் அடிக்கடி வருகிறவர்கள், பண்டைய அறிஞர்கள் இருவரின் வழிவந்த இரண்டு குழுவினர்: ஹிலேலின் சீடர்கள், ஷம்மாயின் சீடர்கள். மூன்று வருடம் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்களாம். கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரல்: "இவையும் அவையும் உயிருள்ள கடவுளின் வார்த்தைகளே, ஆனால் நடைமுறைச் சட்டம் ஹிலேல் தரப்பின்படி." இரண்டும் உண்மை என்றால் ஹிலேல் தரப்புக்கு மட்டும் ஏன் முன்னுரிமை? தல்மூதே இதைக் கேட்டுப் பதிலும் சொல்கிறது. அவர்கள் பொறுமைசாலிகள், எதிர்த்தரப்பின் கருத்தையும் சேர்த்துக் கற்பித்தார்கள், அதிலும் எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தங்களுடையதைச் சொன்னார்கள். கருத்தின் பலத்துக்காக இல்லாமல், அதைச் சொன்ன முறைக்காக வெற்றி. யார் யாரை மணக்கலாம் என்பதிலேயே இரு தரப்புக்கும் சட்டம் வேறாக இருந்தது. அப்படியிருந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கவில்லை என்று, தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா பதிவு செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

அப்படியானால் எல்லா வாதமும் நல்லதா?

அப்படிச் சொல்லவில்லை. மிஷ்னாவில் 'பிதாக்களின் வாக்குகள்' என்ற பகுதி இரண்டு வகை வாதத்தைப் பிரிக்கிறது. வானத்துக்காக, அதாவது கடவுளை முன்னிட்டு, செய்யும் வாதம் நிலைக்கும். அப்படி இல்லாதது நிலைக்காது. முதல் வகைக்கு உதாரணம் ஹிலேலும் ஷம்மாயும். இரண்டாவதற்கு உதாரணம் கோராகும் அவன் கூட்டமும். மோசேக்கு எதிராக 250 தலைவர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிய கோராகை பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஹிலேலுக்கு எதிர்த்தரப்பாக ஷம்மாயைச் சொன்ன மிஷ்னா, கோராகுக்கு எதிர்த்தரப்பாக மோசேயைச் சொல்லவில்லை என்று உரைகாரர்கள் கவனித்தார்கள். கோராகும் அவன் கூட்டமும் என்றுதான் இருக்கிறது. பதவிக்காகச் சேர்ந்த கூட்டத்துக்குள் ஆளுக்கொரு கணக்கு. அவர்களுடைய சண்டை அவர்களுக்குள்தான் என்பது விளக்கம்.

மரபை அழகாக மட்டும் காட்டினால் நேர்மையாகாது. ஒரு நாள் படிப்பு அறையின் வாசலில் வாளை நட்டு, "உள்ளே வருகிறவர் வரலாம், வெளியே யாரும் போகக் கூடாது" என்று சொல்லி வாக்கெடுத்தார்கள் என்கிறது, இரண்டு தல்மூதுகளில் ஒன்றான பாபிலோனிய தல்மூத். மோசேயின் காலத்தில் மக்கள் பொன் கன்றுக்குட்டிச் சிலையைச் செய்து வணங்கிய நாளைப் போல அது கொடிய நாள் என்றும் சொல்கிறது. எருசலேம் தல்மூத் ஒரு படி மேலே போய், ஷம்மாயின் சீடர்கள் ஹிலேலின் சீடர்களைக் கொன்றார்கள் என்கிறது. திருமண உறவை முறிக்காத அதே இரண்டு தரப்பு! கடைசியில் அந்த மோதலின் நினைவாக, யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 9-ஆம் நாளை நோன்பு நாட்களில் ஒன்றாகச் சட்ட நூல்கள் குறித்துவைத்தன. இன்று அந்த நாளில் நோன்பு இருப்பவர்கள் மிகச் சொற்பம். சமீப காலத்தில் சிலர் அதையே, நல்ல முறையில் முரண்படுவது எப்படி என்று பேசுவதற்கான நாளாக மீட்டெடுத்திருக்கிறார்கள்.

ஹவ்ருத்தா என்றால் என்ன? நேரில் எப்படி இருக்கும்?

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நூலைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் கேள்வி கேட்டுக்கொள்ளும் முறை. சொல்லுக்குத் தோழமை என்று பொருள். எந்த யெஷிவாவுக்கு, அதாவது மதப் பாடசாலைக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது இந்த இரைச்சல்தான்.

நான் போகும் வட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் நெடுங்கால ஜோடி. 2023 அக்டோபருக்குப் பிறகு ஆசிரியரின் பேரன் இஸ்ரேல் ராணுவத்தின் ரிசர்வ் படைக்குப் போய்விட்டான். செவிலியரின் மகளோ போர்நிறுத்தம் கேட்டு நியூயார்க்கில் மறியலில் உட்கார்ந்து கைதானாள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இருவரும் ரபி யோஹனான், ரேஷ் லாகிஷ் கதையைப் படித்தார்கள்.

ரேஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். யோஹனான் அவரைப் படிப்புக்குக் கொண்டுவந்து, தன் தங்கையையும் மணமுடித்துக் கொடுத்தார். ஒரு நாள் இருவருக்கும் வாதம். வாள், கத்தி போன்றவை எந்தக் கட்டத்தில் முழுமையான ஆயுதமாகின்றன என்பது கேள்வி. உலையில் காய்ச்சியதும் என்றார் யோஹனான். தண்ணீரில் தோய்த்த பிறகுதான் என்றார் ரேஷ் லாகிஷ். அப்போது யோஹனான் வாய்தவறி, "கொள்ளைக்காரனுக்குத்தானே கொள்ளைத் தொழில் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லோடு உறவு முறிந்தது. ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்தார். துக்கத்தில் இருந்த யோஹனானுக்கு எலாசார் என்ற அறிஞரைப் புதுத் துணையாக அனுப்பினார்கள். எலாசாரோ அவர் சொல்வதற்கெல்லாம் "இதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று தலையாட்டினார். யோஹனான் பொறுக்காமல், ரேஷ் லாகிஷை லாகிஷின் மகன் என்று குறிப்பிட்டுச் சொன்னாராம்: "நான் ஒன்று சொன்னால் லாகிஷின் மகன் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், சட்டம் தானாக விரிந்து தெளியும். நான் சரியாகத்தான் பேசுகிறேன் என்று நீ வந்துதான் எனக்குச் சொல்ல வேண்டுமா?" அவர் உடையைக் கிழித்துக்கொண்டு, "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்" என்று அழுது திரிந்து, சித்தம் கலங்கி இறந்தார் என்று கதை முடிகிறது.

அந்தக் கொள்ளைக்காரன் வரி வந்தபோது செவிலியர் அதன்மேல் விரலை வைத்து நிறுத்தினார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் ஆசிரியர் மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் உங்கள் மகளைப் பற்றி நான் சொன்னேனே, அது இந்த வரிதான்." செவிலியர் விரலை எடுத்துவிட்டு அடுத்த வரியைப் படித்தார். போரைப் பற்றி இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

சமூகப் பிரச்சினைகளில் இந்த மரபு ஏதாவது ஒரு பக்கம் சாய்கிறதா?

கருக்கலைப்பை எடுத்துக்கொள்வோம். இரு தரப்பும் தொடங்குவது ஒரே மிஷ்னாவில்தான். பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருவை வெட்டி எடுக்கலாம், ஏனென்றால் அவள் உயிருக்கு முதலிடம். குழந்தை பெரும்பாலும் வெளியே வந்துவிட்டால் தொடக் கூடாது, ஓர் உயிருக்காக இன்னோர் உயிரைத் தள்ளக் கூடாது என்கிறது அது. 'ஆபத்து' என்பதை எவ்வளவு தூரம் நீட்டலாம்? 1970களில் இரண்டு பெரிய ஆர்த்தடாக்ஸ் ரபிகள் இதில் நேருக்கு நேர் மோதினார்கள். தே-சாக்ஸ் என்ற கொடிய மரபணு நோய் உள்ள கருவை ஏழாம் மாதம் வரைகூடக் கலைக்கலாம், அந்தத் தாயின் வேதனையும் கணக்கில் வரும் என்றார் எருசலேமின் எலியேசர் வால்டன்பெர்க். அது உயிர்க்கொலைக்குச் சமம், கூடவே கூடாது என்றார் நியூயார்க்கின் மோஷே ஃபைன்ஸ்டைன்.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்தபோது இதே பிளவு தெருவுக்கு வந்தது. தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்பே புளோரிடாவில் பாயின்டன் பீச்சின் ஒரு ஜெப ஆலயம், மாநிலத்தின் தடைச் சட்டம் யூத மதச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று வழக்குப் போட்டது. அகுதாத் இஸ்ரேல் என்ற ஆர்த்தடாக்ஸ் அமைப்பு உச்ச நீதிமன்றத்தின் புதிய தீர்ப்பை வரவேற்றது. ஆர்த்தடாக்ஸ் யூனியன், இதற்காக மகிழவும் முடியவில்லை, துக்கப்படவும் முடியவில்லை என்று அறிக்கை விட்டது. மூன்றாவதை மழுப்பல் என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அது மிஷ்னாவின் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசியதாகத்தான் படுகிறது.

ரபி மேடையில் அரசியல் பேசலாமா?

இது ஒவ்வொரு தலைமுறையிலும் எழும் கேள்வி. 1963-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சற்று முன்னால் பேசியவர் யோவாகிம் பிரின்ஸ். ஹிட்லர் காலத்தில் பெர்லினில் ரபியாக இருந்தவர். அங்கே தான் கற்றது, வெறுப்பைவிடவும் அவசரமான பிரச்சினை மௌனம்தான் என்பது என்றார். 1965-இல் ஆலபாமா மாநிலத்தின் செல்மாவில் அதே உரிமைக்காகக் கிங்கோடு நடந்த ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல், தன் கால்கள் ஜெபித்தன என்று பின்னால் சொன்னார். இன்று யூதர்கள் பலர் அந்த நடைப்பயணத்தின் புகைப்படத்தைப் பெருமையோடு காட்டுகிறார்கள். அன்று பல சபைகள், குறிப்பாகத் தென் மாநிலங்களில், தங்கள் ரபிகளை வாயை மூடச் சொன்னார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. இன உரிமைக்காகப் பேசிய ஒரு ரபியின் ஜெப ஆலயத்துக்கு 1958-இல் அட்லாண்டாவில் வெடிகுண்டு வைத்தார்கள்.

2025-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. இஸ்ரேலைக் கடுமையாக விமர்சிக்கும் ஸோரான் மம்தானி போட்டியிட்டார். அவருடைய நிலைப்பாடுகளைக் கண்டித்து நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரபிகள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் மம்தானியை ஆதரித்தவர்களும் உண்டு, மேடை தேர்தலுக்கு உரியதில்லை என்று நினைத்தவர்களும் உண்டு. யாருக்கு ஓட்டுப் போடுவது என்று ரபி சொல்லக் கூடாது, எது அநியாயம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது சுலபமில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இஸ்ரேலுக்குள் இந்த உரையாடல் எப்படி நடக்கிறது?

2023-ஐப் பார்த்தால் தெரியும். ஜனவரி 4 அன்று நீதி அமைச்சர் யாரிவ் லெவின் நீதித்துறை மாற்றத் திட்டத்தை அறிவித்தார். உச்ச நீதிமன்றத்தின் கையைக் கட்டும் திட்டம் என்றார்கள் எதிர்த்தவர்கள். தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகளிடமிருந்து மக்களின் அதிகாரத்தை மீட்கும் திட்டம் என்றார்கள் ஆதரித்தவர்கள். சனிக்கிழமை இரவுதோறும், ஓய்வுநாள் முடிந்த கையோடு, டெல் அவிவின் கப்லான் தெரு நிரம்பி வழிந்தது.

குடியரசுத் தலைவர் ஐசக் ஹெர்சோக் மார்ச் 15 அன்று ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தார். ஆளும் கூட்டணி உடனே நிராகரித்தது. மார்ச் 26 இரவு, திட்டத்தை நிறுத்தச் சொன்ன பாதுகாப்பு அமைச்சரைப் பிரதமர் நெதன்யாகு நீக்கியதாக அறிவித்ததும் நாடே தெருவுக்கு வந்தது. மறுநாள் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் மாளிகையில் பேச்சுவார்த்தை தொடங்கியது. ஜூன் மாதம் அது முறிந்தது. ஜூலை 24 அன்று எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்ய, திட்டத்தின் முதல் பகுதி 64-0 என்று நிறைவேறியது. 2024 ஜனவரி 1 அன்று உச்ச நீதிமன்றம் 8-7 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது.

அந்த வருடத்தின் மனநிலையை எனக்குக் காட்டியது யோம் கிப்பூர் இரவு. ஆண்டிலேயே மிகப் புனிதமான நாள் அது. டெல் அவிவின் டிசெங்கோஃப் சதுக்கத்தில் ஆண்களையும் பெண்களையும் பிரித்துத் தொழுகை நடத்த ஒரு குழு வந்தது. பொது இடத்தில் தடுப்பு வைக்கக் கூடாது என்று நகராட்சி சொல்லியிருந்ததால், இஸ்ரேல் கொடிகளைக் கட்டித் தடுப்பாக்கினார்கள். எதிர்ப்பாளர்கள் வந்து அதைப் பிரித்தார்கள். பாவமன்னிப்புக் கேட்கும் இரவில் யூதரும் யூதரும் ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் கத்திக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு இரண்டே வாரத்தில் ஹமாஸ் தாக்குதல் நடந்த அக்டோபர் 7.

இன்னொரு தீராத சண்டை ராணுவச் சேவை. 1948-இல் பென் குரியன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்குக் கட்டாயச் சேவையிலிருந்து விலக்குக் கொடுத்தார். இன்று ராணுவச் சேவை வயதில் இருக்கும் யெஷிவா மாணவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. வேதம் படிப்பதே இந்த மக்களைக் காக்கிறது என்று, ஆர்த்தடாக்ஸ் பிரிவிலேயே மிகக் கடுமையாக மரபைப் பின்பற்றும் ஹரேதி சமூகம் உண்மையாகவே நம்புகிறது. மாதக்கணக்கில் எல்லையில் நின்றுவிட்டு வரும் தகப்பனுக்கு அந்தப் பதில் போதவில்லை.

மேற்குச் சுவரில் என்ன பிரச்சினை?

எருசலேமில் யூதர்கள் தொழும் புனித இடம் அது. அங்கே ஆண்கள் பகுதி பெரிது, பெண்கள் பகுதி சிறிது. பெண்கள் சத்தமாகத் தோரா வாசிக்க வேண்டும் என்று 1988-இலிருந்து ஒரு குழு போராடுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழத் தனி இடத்தை விரிவாக்கித் தர 2016 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 2017 ஜூனில் ஹரேதி கட்சிகளின் நெருக்குதலில் அதைக் கிடப்பில் போட்டது. பேசிப் பேசிக் கண்டுபிடித்த தீர்வு அது. அதனாலேயே அமெரிக்க ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் யூதர்களுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அக்டோபர் 7-க்குப் பிறகு அமெரிக்க யூதர்களிடையே என்ன மாறியது?

அன்று ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தொடர்ந்து நடந்த போரில் காஸாவில் பல பத்தாயிரம் பாலஸ்தீனர்கள் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். இரண்டு துக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற இடங்கள் மிகக் குறைந்துபோயின.

நவம்பர் 14 அன்று வாஷிங்டனில் இஸ்ரேலுக்கு ஆதரவாக நடந்த பேரணிக்கு 2,90,000 பேர் வந்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். அதற்கு இரண்டரை வாரத்துக்கு முன்னால் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில், உடனடிப் போர்நிறுத்தம் கேட்டு நூற்றுக்கணக்கான யூதர்கள் தரையில் உட்கார்ந்து கைதானார்கள். வாஷிங்டன் பேரணிக்குள்ளேயே, இஸ்ரேலுக்கு ஆதரவும் பாலஸ்தீனர்களுக்கு நியாயமும் இரண்டுமே வேண்டும் என்ற தட்டிகளோடு ஒரு சிறு கூட்டம் நின்றது. என் வட்டத்தில் பெரும்பாலோர் மனம் அந்தச் சிறு கூட்டத்தின் பக்கம்தான். வெளியே அவர்கள் குரல்தான் குறைவாகக் கேட்கிறது.

பஸ்கா விருந்து மேசைகளில் இது நேரடியாகத் தெரிந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை அடைந்த கதையைச் சொல்லும் இரவு அது. வீட்டின் கடைசிக் குழந்தை நான்கு கேள்வி கேட்டுத்தான் அந்தச் சடங்கு நகரும். 2024-இல் பல வீடுகளில் பிணைக்கைதிக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விட்டார்கள். சில வீடுகளில் காஸாவின் பசிக்காக ஒரு தட்டைக் காலியாக வைத்தார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்த வீடுகளும் உண்டு. சில வீடுகளில் பிள்ளைகள் அந்த வருடம் வரவே இல்லை.

இந்த உரையாடலில் யாரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

என் கண்ணுக்கு மரபு தடுக்கி விழுவது இங்கேதான். ஜே ஸ்ட்ரீட் என்பது இஸ்ரேலை ஆதரித்துக்கொண்டே, பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் அமைக்கும் குடியேற்றங்களை எதிர்க்கும் அமைப்பு, 2008-இல் தொடங்கியது. முக்கிய அமெரிக்க யூத அமைப்புகளின் தலைவர்கள் கூட்டமைப்பில் சேர அது விண்ணப்பித்தது. 2014 ஏப்ரல் 30 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 17, எதிர்ப்பு 22, நடுநிலை 3. கதவு மூடியது. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்காக இயங்கும் ஹிலேல் அமைப்பு, இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் பேச்சாளர்களை அழைப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறது. 2013 டிசம்பரில் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் அந்த விதியை ஏற்க மாட்டோம் என்றார்கள். 2015-இல் ஹிலேல் என்ற பெயரையே விட்டுவிட்டார்கள்.

எந்தச் சபைக்கும் எல்லை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. தங்களை அழிக்க நினைக்கிறவருக்கு யாரும் மேடை போட்டுத்தர மாட்டார்கள். ஆனால் எதிர்த்தரப்பின் சொல்லை முதலில் சொன்ன ஹிலேலின் பெயரை வைத்துக்கொண்டு, சொந்தப் பிள்ளைகளின் கேள்விக்குக் கதவடைத்தது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 

இஸ்ரேலை விமர்சித்தாலே யூத வெறுப்பா?

இதிலும் அவர்களுக்குள் பெரிய வாதம். ஐ.எச்.ஆர்.ஏ. என்ற, யூத இனப்படுகொலையின் நினைவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு, யூத வெறுப்பு எது என்று 2016-இல் ஏற்ற வரையறையில் 11 உதாரணங்கள். பெரும்பாலானவை இஸ்ரேல் தொடர்பானவை. மற்ற நாடுகளை விமர்சிப்பது போல் இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பு ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது. இது பேச்சுரிமையை நெரிக்கிறது என்று கருதிய அறிஞர்கள் 2021-இல் எருசலேம் பிரகடனம் என்ற மாற்று வரையறையைக் கொண்டுவந்தார்கள். பழைய வரையறையின் முதல் வரைவை எழுதியதில் முக்கியப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்னே, அதைக் கல்லூரிகளில் பேச்சை அடக்கும் ஆயுதமாக்கக் கூடாது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பயம் நிஜமானது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்கில் தொழுதுகொண்டிருந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பின் மேல் அவனுக்கு இருந்த வெறுப்புதான் அவனை அங்கே கொண்டுவந்தது.

பாலஸ்தீனர்களோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 'பெற்றோர் வட்டம்' என்ற அமைப்பு 1995-இல் தொடங்கியது. மோதலில் நெருங்கிய உறவை இழந்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் மட்டுமே அதில் சேர முடியும். ஓர் இஸ்ரேலியரும் ஒரு பாலஸ்தீனரும் ஜோடியாக மக்களைச் சந்தித்துத் தங்கள் கதையைச் சொல்வார்கள். இறந்தது மகனா, மகளா, எந்த வயதில் என்று சொல்லி முடித்த பிறகுதான் மற்றதெல்லாம். அக்டோபர் 7-க்குப் பிறகும் அந்தச் சந்திப்புகளைக் கைவிடவில்லை.

இந்தியாவில் யூதர்களிடையே இப்படி ஏதாவது நடந்ததா?

நடந்தது, நமக்குப் பக்கத்திலேயே. கொச்சியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளுக்குச் சமமாக உட்கார இடமில்லை. தோரா வாசிக்க அழைக்கவும் மாட்டார்கள். அந்த வகுப்பில் பிறந்தவர் ஏ.பி. சேலம் (1882–1967). சென்னையில் படித்து வழக்கறிஞரானார், 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனார். காந்தியின் சத்தியாக்கிரகத்தைத் தன் சொந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவர் மகனுக்கும், அந்த ஆலயத்தில் முழு உரிமை பெற்றிருந்த 'வெள்ளை யூதர்' வீட்டுப் பெண்ணுக்கும் 1950-இல் திருமணம் நடந்தது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் என்று மிஷ்னா சொன்ன அந்த இடத்துக்குக் கொச்சி வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று.

நான் யூதர் இல்லை. இப்படி ஒரு வாசிப்புக்குப் போகலாமா?

பெரும்பாலான ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் ஜெப ஆலயங்களில் வரவேற்பார்கள். முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். வாசலில் காவலர் நிற்பார், பையைத் திறந்து பார்ப்பார். பிட்ஸ்பர்குக்குப் பிறகு எங்கேயும் இப்படித்தான், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சனிக்கிழமை என்றால் கைபேசியை வெளியே எடுக்காதீர்கள், குறிப்பும் எழுதாதீர்கள். ஓய்வுநாளில் எழுதுவது பலருக்கு விலக்கு. ஆண்கள் தலையை மூடிக்கொள்ளச் சிறு தொப்பி ஒரு கூடையில் இருக்கும். போன உடனே இஸ்ரேலைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆரம்பிக்காமல், அன்றைய பக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொன்னால் அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. உங்களிடம் புத்தகம் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் தன்னுடையதை மேசை நடுவில் நகர்த்தி, எந்த வரி என்று விரலால் காட்டுவார்.